ஜான்ஸ்கர் ஆற்றுக்குச் சேலத்திலிருந்து ஒரு திட்டம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்பதைக் காலை நாளிதழில் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டும் ஊர் எங்களுடையது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை வரும் என்பதும், அதே இடம் கோடையில் பாறை பாறையாகத் தெரியும் என்பதும் சேலத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். தண்ணீரின் அளவு மாறினால் ஆறே வேறு ஆறாகிவிடும் என்ற இந்த அறிவு, லடாக்கின் ஜான்ஸ்கர் ஆற்றில் ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த ரப்பர் படகில் பயணம் போவதற்குத் திட்டமிட்டபோது எங்களுக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அந்த ஆற்றுக்கு அணையும் இல்லை, நாளிதழில் வரும் எண்ணும் இல்லை. எனவே கிடைக்காத அந்த எண்ணுக்குப் பதிலாக எதை நம்பித் திட்டமிடுவது என்பதில்தான் எங்கள் பேச்சு தொடங்கியது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், ஜவ்வரிசி ஆலையில் பணிபுரிபவர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர் என்று எங்கள் குழுவில் பலதரப்பட்டவர்களும் இருந்தோம். படகோட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் அந்த ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டால், அனுபவமுள்ள வழிகாட்டிகளோடு தாராளமாகப் போகலாம் என்பேன். ஆனால் துடுப்புப் போடும் திறமையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, ஒருவர் தண்ணீரில் விழுந்தால் அடுத்த பத்து நிமிடங்களில் யார் என்ன செய்வது, ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் எந்த இடத்தில் எப்படிக் கரையேற்றுவது என்பதை ஊரிலேயே முடிவுசெய்து பழகியிருக்க வேண்டும். எங்கள் திட்டம் முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே கட்டினோம்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இமயமலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சேலத்தில் ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தாலே அவ்வளவு வந்துவிடும். ஆகவே ஜான்ஸ்கரில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி பனியும் பனியாறுகளும் உருகி வருவது. பென்சி லா கணவாய்ப் பக்கமிருந்து வரும் டோடா ஆறும், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சாரப் ஆறும் பதும் என்ற ஊருக்கருகே கூடி ஜான்ஸ்கராகின்றன. அங்கிருந்து வடக்கு நோக்கி ஆழமான பாறை இடுக்கு ஒன்றைக் கடந்து நிம்மு என்ற இடத்தில் அது சிந்துவில் கலக்கிறது. பயணத்தின் நீளம் 140 கிலோமீட்டர் அளவில் வரும். ஆற்றின் கடினத்தைப் பன்னாட்டளவில் ஒன்று முதல் ஆறு வரை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்; கோடையில் ஜான்ஸ்கரின் ரேபிட்கள், அதாவது நீர் அலையடித்து வேகமாகப் பாயும் இடங்கள், மூன்றாம், நான்காம் வகுப்பில் அடங்குகின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வகுப்பு எண்ணைவிட, நீரின் குளிரும், உயரமும், இரு புறமும் எழும் பாறைச் சுவர்களுமே கவலை தர வேண்டியவை.

பாலைவன ஆறுகளில் படகுப் பயணம் பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் வழியே ஓடும் கொலராடோ ஆற்றைப் பற்றியது. நாங்களும் அதையெல்லாம் ஆர்வத்தோடு படித்தோம். சாமான்களைக் கட்டும் முறை, முகாம் ஒழுங்கு, ஒரே ஒரு படகோடு ஒருபோதும் போகக்கூடாது என்ற விதி முதலிய பலவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். ஆனால் அங்கே மேலே கிளென் கேன்யன் அணை இருக்கிறது. 1963இல் அதில் நீர் தேக்கத் தொடங்கியது முதல், கீழே ஓடும் நீரின் அளவை ஒரு நாளுக்குள் ஏற்றி இறக்குவது மின்சாரத் தேவை. ஜான்ஸ்கரில் அந்த வேலையை வெயில் செய்கிறது. நண்பகல் வெயிலில் மலைமேல் உருகும் பனி பிற்பகலில் ஓடைகளை நிரப்பி, மாலையிலோ நள்ளிரவிலோ உங்கள் முகாமைக் கடக்கும். எந்த நேரத்தில் கடக்கும் என்பது உருகும் இடத்திலிருந்து நீங்கள் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இது புரிந்துவிட்டால் முகாம் எங்கே போடுவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பனவற்றுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் வீட்டாரும் பங்கெடுத்தார்கள். அந்த ஆற்றில் ராஃப்ட் ஓடும் காலம் ஜூலையும் ஆகஸ்டும்தான். செப்டம்பரில் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். இங்கேயோ ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா. பதினெட்டாம் பெருக்குக்குக் குடும்பத்தோடு மேட்டூர் போகும் வழக்கம் வேறு. அந்த நாட்களில் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு எங்கள் குழுவில் யாருக்கும் வீட்டில் அனுமதி கிடைத்திருக்காது. நல்லவேளையாக ஆறும் அதே யோசனையைத்தான் சொன்னது. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் உருகுநீர் மிகுந்து அலைகள் பெரிதாக இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இரவுகள் குளிரத் தொடங்குவதால் நீர் படிப்படியாகக் குறையும். முதன்முறை போகிறவர்களுக்குக் குறைந்துவரும் நீரே ஏற்றது என்று தீர்மானித்து, ஆவணி பிறந்த பிறகான நாட்களை எடுத்துக்கொண்டோம். மழையே இல்லாத இடம் என்று நம்பி மேகத்தைப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது. 2010 ஆகஸ்டில் லே பகுதியில் ஒரே இரவில் கொட்டிய மழையும் அதனால் வந்த மண்வெள்ளமும் இருநூறு பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோயின. மரமில்லாத மலைச்சரிவு பெய்கிற மழையைப் பிடித்து வைக்காது.

பழைய பயணக் குறிப்புகளை எவ்வளவு நம்புவது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டின் கடைசி நாளில் மேலே சாரப் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. பின்னால் தேங்கிய நீர் 2015 மே மாதம் உடைத்துக்கொண்டு இறங்கியது. அதன் பிறகு பாறை இடுக்கின் வழியாகச் சாலை வெட்டப்பட்டு, நிம்முவும் பதுமும் இமாச்சலப் பிரதேசத்தின் தார்ச்சாவும் 2024இல் இணைக்கப்பட்டன. மலையை வெட்டிய இடங்களில் பாறைகள் ஆற்றுக்குள் உருண்டிருக்கும். ஆகையால் பத்தாண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தில் எளிய ரேபிட் என்று குறித்த இடத்தை, அந்த ஆண்டு அங்கே படகு ஓட்டிய வழிகாட்டி சொல்வதை வைத்து மட்டுமே முடிவுசெய்ய வேண்டும்.

இனி நீச்சல். சேலம் மாவட்டத்தில் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்போம். அந்தத் துணிவு மதிப்புள்ளதுதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, நாம்தான் நகர்கிறோம். ஆற்றில் விழுந்தவரைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது. கிணற்றில் பழகியவர் முதலில் செய்யத் துடிப்பது காலைக் கீழே விட்டு நிற்பது அல்லது மூழ்கிப் போவது. ஓடும் நீரில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், முழங்கால் ஆழத் தண்ணீர்கூட ஆளை முன்பக்கம் மடக்கி அமிழ்த்திவிடும். மல்லாந்து படுத்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, பாதங்கள் மேற்பரப்பில் தெரியும்படி வைத்துக்கொண்டு, எதிரே வரும் பாறையைக் காலால் தள்ளிவிட வேண்டும். அலைகள் அடங்கியதும் குப்புறத் திரும்பி முழு வேகத்தோடு கரைப்பக்கம் நீந்த வேண்டும். எழுதுவது எளிது, உடம்புக்கு வர நாளாகும்.

இதற்காக நாங்கள் மூன்று விதமான நீரைத் தேடிப் போனோம். முதலாவது, ஊருக்குப் பக்கத்திலேயே காவிரி. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர், “பாறையவே பாக்காதீங்க தம்பி, பாறைக்குப் பின்னால தண்ணி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க” என்று சொல்லி, துடுப்பின் ஒரே ஓர் அழுத்தலில் பரிசலை எதிரோட்டத்துக்குள் நுழைத்துக் காட்டினார். வெளியே ஓட்டம் இரைந்துகொண்டிருக்க, உள்ளே பரிசல் அசையாமல் நின்றது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த நுரை மெதுவாக மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பாறையின் கீழ்ப்பக்கத்தில் நீர் திரும்பி ஏறும் இந்த இடங்கள்தான் படகுக்கும் நீந்துகிறவருக்கும் தங்குமிடங்கள் என்பதை அதற்குமுன் படித்திருந்தோம். அன்றுதான் கண்ணால் பார்த்தோம். இரண்டாவதாக, மழைக்காலத்தில் கேரளத்தின் கோடஞ்சேரிப் பக்கம் போய், கயாக் எனப்படும் சிறிய துடுப்புப் படகுப் போட்டிகள் நடக்கும் சாலிப்புழை ஆற்றின் கரையில் நின்று, கைதேர்ந்தவர்கள் ஓட்டத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தோம். ஆழம் குறைந்த ஓரங்களில் பயிற்சியாளர் மேற்பார்வையில் நீந்திப் பழகினோம். மூன்றாவதும் முக்கியமானதும் ரிஷிகேசம். கௌடியாலாவிலிருந்து கீழே வரும் கங்கையில் நீரின் அளவும் அலையின் உயரமும் குளிரும் ஜான்ஸ்கருக்கு ஓரளவு நெருங்கியவை. அங்கே அமைதியான நீர்ப்பரப்பில் ராஃப்டை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்லி, அதன் அடியிலிருந்து வெளியே வருவதையும், கவிழ்ந்த படகின்மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து அதைத் திருப்புவதையும், கரையிலிருந்து மீட்புக் கயிற்றுப் பையை எறிவதையும் மாற்றி மாற்றிச் செய்தோம். சுற்றுலாவாக வருபவர்களுக்கு இதைத் தாமாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முன்கூட்டியே பேசி, அதற்குரிய கட்டணத்தையும் நேரத்தையும் ஒதுக்க வேண்டும்.

குளிர் நீரைப் பற்றி மீட்புப் பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு எளிதில் மனத்தில் நிற்கும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அந்த நிமிடத்தில் மூச்சை அடக்கி ஆள்வதொன்றே வேலை. அடுத்த பத்து நிமிடங்கள் கைகால்கள் சொன்னபடி கேட்கும். கரையேறுவதானால் அதற்குள் ஏறிவிட வேண்டும். உடலின் உட்சூடு குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். ஆகவே விழுந்தவரை உயிரோடு வைப்பதில் லைஃப் ஜாக்கெட்டும் அருகிலிருக்கும் இரண்டாவது படகும் பாதுகாப்புக் கயாக்கும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன. பருத்தி உடையை ஊரிலேயே விட்டுவிட்டு, குளிர் நீரில் உடல் சூட்டைக் காக்கும் வெட் சூட் அல்லது நீர் உள்ளே புகாத ட்ரை சூட் உண்டா, உங்கள் அளவுக்குக் கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் பெயர் பெயராகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்களில் ஒருவருக்கு மார்பளவு பெரியது. அவருக்கு ஜாக்கெட் கிடைக்குமா என்று மூன்று மாதம் முன்பே கேட்டு வைத்ததால் அது தனியாக வரவழைக்கப்பட்டது. நெஞ்சில் இறுக்கிப் பூட்ட முடியாத ஜாக்கெட் அலையில் தலைவழியே கழன்றுவிடும்.

ரிஷிகேசத்தில் நடந்த இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கொலுசுப் பட்டறை அண்ணன்தான் எங்களில் நல்ல நீச்சல்காரர். குளிர்ந்த நீரில் விழும் பயிற்சியில் இரண்டு முறையும் அவருக்கு மூச்சு சீராக நெடுநேரம் பிடித்தது; கரையில் உட்கார்ந்த பிறகும் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அன்றிரவு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் தேநீர்க் கடையில் அவரே, “தம்பி, நான் தண்ணில வரல. ஆனா வராம இருக்கவும் மாட்டேன், கரையில எனக்கு என்ன வேலைன்னு சொல்லு” என்றார். அந்தக் கேள்வியால் எங்கள் திட்டம் பலமடங்கு மேம்பட்டது. சாலை வந்துவிட்டதால், அவர் உள்ளூர் ஓட்டுநரோடு வண்டியில் இறங்கி, குறித்த இடங்களில் குறித்த நேரத்தில் காத்திருப்பது என்று வைத்துக்கொண்டோம். குறித்த நேரம் தாண்டி எத்தனை மணிநேரம் பொறுப்பது, அதன் பிறகு யாரை அழைப்பது, வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரும் கம்பளிகளும் எங்கே இருக்கும் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையிலும் எங்கள் படகிலும் ஒவ்வொன்று இருந்தது. சாலை கண்ணில் படுகிறது என்பதற்காக எந்த இடத்திலும் ஏறிவிடலாம் என்று எண்ணக் கூடாது. நடுவில் செங்குத்துப் பாறை நிற்கும் இடங்கள் பல உண்டு. எந்த எந்த வளைவில் ஆற்றிலிருந்து சாலைக்கு நடந்தேற முடியும் என்று வழிகாட்டியிடம் கேட்டு வரைபடத்தில் குறித்ததே எங்களிடமிருந்த தாள்களில் மிக முக்கியமானது. ஒரு குழுவில் ஒருவரேனும் தண்ணீரில் இறங்காமல் இந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உயரத்துக்குத் தயாராக ஏற்காடு ஏறினால் போதும் என்று நண்பர்கள் பலரும் சொன்னார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறுவது காலுக்கும் நெஞ்சுக்கும் அருமையான பயிற்சி, வாரந்தோறும் செய்தோம். ஆனால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். உயர நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலே. லே 3,500 மீட்டரில் இருக்கிறது. பதும் அதற்குச் சற்று மேலே. காலையில் டெல்லியில் ஏறி முற்பகலில் லேயில் இறங்குகிறவர் எவ்வளவு உடல்வலிமை உள்ளவராயினும் குறைந்தது 48 மணிநேரம் சும்மா இருக்க வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊர் மருத்துவரிடம், சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லி, முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவலியோடு வாந்தியும் இருந்தால் ஆற்றுக்குப் புறப்படக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. இதில் சமரசமே இருக்கக் கூடாது, ஏனென்றால் ஆற்றோடு இறங்கினால் உயரம் குறைந்துவிடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. நிம்முவே 3,000 மீட்டருக்கு மேல்தான்.

தொடர்புச் சாதனங்களில் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் வலியுறுத்தும் சாட்டிலைட் போனையும் செயற்கைக்கோள் செய்திக் கருவியையும் இந்தியாவில் அரசு அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள். கரையில் இருக்கும் வண்டியும் முன்குறித்த நேரங்களும் இங்கே இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 3,500 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் வேகாமலும் துவரம்பருப்பு கல்லாகவும் நிற்கும். குக்கர் கட்டாயம். அதோடு ஊறினாலே பாதி வெந்ததற்குச் சமமான ஜவ்வரிசி, அவல், வறுத்த சேமியா, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கடலை மிட்டாய், தட்டுவடை என்று லீ பஜாரிலேயே வாங்கிக் கட்டினோம். கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. லேயில் வாங்க வேண்டும். ஆற்று நீர் பனியாறு அரைத்த கல்மாவால் சாம்பல் நிறமாக இருக்கும். அப்படியே ஊற்றினால் எந்த வடிகட்டியும் சில குடங்களுக்குள் அடைத்துக்கொள்ளும். மாலையில் வாளியில் பிடித்துப் படிகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் காலையில் மேல்நீர் தெளிந்திருக்கும். அதை வடித்து மூன்று நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடித்தோம். வழிகாட்டிகள் அந்தக் கட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் தங்கள் வாளிகளுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆற்றில் ஒவ்வொரு நாளும் விடியற்காலையிலேயே கிளம்பினோம். பிற்பகலில் இடுக்கின் கீழ்ப்பக்கமிருந்து எதிர்க்காற்று எழும்பும். அலையில்லாத நீரில் அது ராஃப்டைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு வலுக்கும். மதியத்துக்குள் தூரத்தைக் கடந்துவிட்டால் காற்றோடும் ஏறும் நீரோடும் போராட வேண்டியதில்லை. பெரிய ரேபிட்களுக்கு முன்னால் கரையொதுங்கி, எல்லோரும் நடந்துபோய்ப் பார்த்து, படகு எங்கே போகும், கவிழ்ந்தால் ஆட்கள் எந்தப் பக்கம் மிதப்பார்கள், மீட்புக் கயிற்றோடு யார் எந்தப் பாறையில் நிற்பார்கள் என்று சொல்லிவிட்டே திரும்பினோம்.

முகாமிட்டதும் முதல் வேலை, நீர்விளிம்பில் ஒரு குச்சியை நடுவது. ஒரு மாலையில் குச்சியின் அடியை மட்டும் தொட்டிருந்த நீர், இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு சாண் ஏறியிருந்தது. விடிந்தபோது இறங்கி, தான் தொட்ட உயரத்தை மணலில் மெல்லிய சேற்றுக் கோடாக விட்டிருந்தது. கூடாரங்கள் அந்தக் கோட்டுக்கு நன்கு மேலேயும், படகுகள் இரட்டைக் கயிற்றில் பாறையோடும் இருந்ததால் தூக்கம் கெடவில்லை. ஓடை வந்து சேரும் வாயில், தட்டையாக எவ்வளவு அழகாக இருந்தாலும், கூடாரம் அடிக்கும் இடமாகாது.

கழிவு பற்றியும் ஒரு சொல். வறண்ட மண்ணில் எதுவும் எளிதில் மக்காது. மனிதக் கழிவு உட்பட அனைத்தையும் மூடிய பெட்டியில் திரும்பக் கொண்டுவர ஏற்பாட்டாளர் ஒப்புக்கொள்கிறாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். தயங்குகிறவரோடு போகாதீர்கள்.

இருபுறமும் உபரி நாட்கள் வைக்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது வழக்கம். மண்சரிவால் பதும் சாலை அடைபடுவதும் அப்படியே. காப்பீட்டு ஆவணத்தில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அடுத்த ஆகஸ்டில் போக நினைப்பவர்கள் இந்தத் தையிலேயே ஆட்களை உறுதிசெய்து, பங்குனி, சித்திரைக்குள் ரிஷிகேசப் பயிற்சியை முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கங்கையில் ராஃப்டிங் நிறுத்தப்பட்டுவிடும், மீண்டும் திறப்பது செப்டம்பர் கடைசியில்தான்.